சம்பளம் வேண்டாம், படத்துக்குப் பணம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குக் கல்லூரியே பணம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, இங்கேயும் அப்படிக் கொடுத்தால் என்ன என்ற பேச்சு வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மைதானங்களில் அடிபடுகிறது. கேட்கிற பிள்ளைகள் பக்கம் நியாயம் இருக்கிறது. விடிகாலையில் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் மறுபடி பயிற்சி என்று ஓடுகிறவர்களால் பகுதிநேர வேலைக்குக்கூடப் போக முடியாது. ஆனால் அங்கே அந்தப் பணம் எந்தப் பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் முடிவுக்கு வர வேண்டும்.

அங்கே நடந்தது இரண்டு தனித்தனி மாற்றங்கள். 2021 ஜூலை 1 முதல் மாணவர் தன் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. அது வெளியார் கொடுக்கும் பணம். கல்லூரியே கொடுக்க வழிவிட்டது, வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத் தீர்வு. அதன்படி 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்கள் எல்லோருக்குமாக 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பிரித்துக் கொடுக்கலாம். நம் பணத்தில் 170 கோடி ரூபாய்க்கு மேல். பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சி உரிமை, டிக்கெட், விளம்பரம் வழியாக வரும் சராசரி வருவாயில் 22 சதவீதம் என்று கணக்கிட்டு வைத்த உச்சவரம்பு அது. சட்டப்படி அது வருவாயில் பங்குதான், சம்பளம் இல்லை. மாணவர்கள் ஊழியர்கள் ஆகிவிடவும் இல்லை.

அதே தீர்வில், முன்பு விளையாடியவர்களுக்கு 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடும் உண்டு. அங்கே கல்லூரிப் போட்டிகளை நடத்தும் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதில் பெரும்பகுதியை, ஆண்டுதோறும் கல்லூரிகளுக்குத் தந்துவந்த பங்கைக் குறைத்துத்தான் திரட்டுகிறது. ஆகவே வீரர்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காத சிறிய கல்லூரிக்கும் வரவு குறைகிறது. இதை இங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அங்கே பணம் ஈட்டித் தருபவை பெரும்பாலும் இரண்டே விளையாட்டுகள்: பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும். நீச்சல், டென்னிஸ், மல்யுத்தம் எல்லாம் அந்த வருவாயின் நிழலில் வளர்ந்தவை. இப்போது பல பெரிய பல்கலைக்கழகங்கள் 100 ரூபாயில் 75 அமெரிக்கக் கால்பந்துக்கு, 15 ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 பெண்கள் கூடைப்பந்துக்கு, மிச்சம் 5 மற்ற எல்லாவற்றுக்கும் என்ற அளவில் பிரிக்கின்றன. பற்றாக்குறையை ஈடுகட்ட டென்னசி பல்கலைக்கழகம் டிக்கெட்டில் 10 சதவீதம் கூடுதல் கட்டணம் வைத்தது. கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணிகளையே மூடிவிட்டது. சொன்ன காரணங்களில் இந்தத் தீர்வும் ஒன்று. இழப்பீட்டிலும் பெரும்பங்கு ஆண்களுக்கே போகிறது என்று பெண் வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள்.

இந்தக் கணக்கை வடசென்னைக்குக் கொண்டுவந்து பாருங்கள். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்றார். கேரத்துக்கு டிக்கெட்டும் இல்லை, ஒளிபரப்பு உரிமையும் இல்லை. வருவாயை வைத்துப் பங்கு என்றால் கேரத்துக்கு ஒரு பைசா வராது. குத்துச்சண்டை, பளுதூக்குதல், பெண்கள் கபடி எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியைக் காசு கொடுத்து ஒளிபரப்ப இங்கே ஆளில்லை. அப்படியானால் சம்பளம் விளையாட்டுக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். 3,000 மாணவர் படிக்கும் கல்லூரியில் தலைக்கு 200 ரூபாய் என்று வையுங்கள்: ஆண்டுக்கு 6 லட்சம். 15 பேருக்கு மாதம் 5,000 வீதம் 10 மாதம் கொடுத்தால் ஏழரை லட்சம். கட்டணம் முழுவதும் போய், மேலே ஒன்றரை லட்சம் துண்டு விழும். ஒரு கால்பந்து அணியை வெளியூருக்கு 4 நாள் அனுப்பினால், 20 பேருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் சாப்பாட்டுக்கே 32,000 ஆகும். ரயில் கட்டணமும் தங்கும் செலவும் தனி. பஞ்சு தட்டையாகிப்போன குத்துச்சண்டை கிளவுஸை மாற்றப் பணம் இருக்காது. அதைப் போட்டுக் குத்துகிற பிள்ளையின் விரல் முட்டிதான் வீங்கும்.

அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பெயருக்கும் படத்துக்கும் பணம் என்ற முதல் மாற்றத்தைத்தான். மாணவர் சேர்க்கை நேரத்தில் நம் தெருக்களில் கல்லூரி பேனர்களைப் பாருங்கள். பதக்கத்தோடு நிற்கும் மாணவியின் படம் இல்லாத பேனர் அரிது. அந்தப் படத்துக்கு அவளுக்கு என்ன கிடைக்கிறது? எந்தப் படம், எங்கே, எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் போடலாம். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். தொகை விளம்பரச் செலவுக் கணக்கிலிருந்து போக வேண்டும். விளையாட்டுக் கணக்கைத் தொடக் கூடாது. கேரம் ஆடுகிறவருக்கும் கால்பந்து ஆடுகிறவருக்கும் இதில் ஒரே விதி.

அடுத்தது வெளியூர்ப் போட்டிக்குப் போகிறவர்களுக்கான தினப்படி. முதலில் கைக்காசில் போய்வா, பில்லைக் கொடு, பிறகு தருகிறோம் என்பதுதான் பல இடங்களில் வழக்கம். தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்ட பிள்ளை பில்லுக்கு எங்கே போவான்? பில் இல்லையென்று தணிக்கையில் நிறுத்துவார்கள், பணம் வராது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையை, புறப்படுவதற்கு முன்பே வங்கிக் கணக்கில் போட்டு, வருகைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது எளிது. அப்போதே ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட வேண்டும். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வானவருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குக் கிடைக்கிறது. அதுபோன்ற தொகைகள் இந்தச் சின்ன வேறுபாட்டால் நின்றுபோவது வேதனை.

காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்ப 9 மாதம்கூட ஆகலாம். அறுவைக்குக் காப்பீடு கிடைத்தாலும் பிசியோதெரபிக்குக் கிடைப்பது கடினம். பாதியில் பயிற்சியை விட்ட கால் மறுபடி மடங்கிவிடும், விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். சம்பளம் கொடுக்க நினைக்கும் கல்லூரி, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று தனியாக ஒதுக்கினாலே போதும்.

விளையாட்டுக் கட்டணமாக வாங்கியது எவ்வளவு, எந்த விளையாட்டுக்கு எவ்வளவு செலவானது, ஆண்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு என்ற கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் அடுத்த சேர்க்கை தொடங்குவதற்கு முன் தகவல் பலகையில் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
வடசென்னை.