கருப்பனுக்கு நெறி கட்டியிருக்கு, முழுசா படிச்சுட்டு போன் பண்ணு தம்பி

தம்பி, போன்ல சொன்னா நீ பதறிப்போயி பாதியிலயே வச்சிருவ, அதான் எழுதுறேன். நம்ம நாய் கருப்பனுக்கு லிம்ஃபோமான்னு டாக்டர் சொல்லிட்டாக, நெணநீர் முடிச்சுல வர்ற கேன்சர்.

கழுத்துப் பட்டைய லூஸ் பண்றப்ப தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் நெல்லிக்காய் கணக்கா தட்டுச்சு, அழுத்துனேன், கத்தல, உருண்டு நகருது. நமக்கு தொண்டைப் புண்ணுல நெறி கட்டுனா தொட்டாலே வலிக்கும்ல, இது வலிக்கவே இல்ல, அதான் எனக்கு மனசு ஒப்பல. தோள்பட்டைக்கு முன்னாடி, பின்னங்கால் முட்டிக்குப் பின்னாடி எல்லாம் இருக்குன்னு டாக்டர் தடவிப் பாத்து சொன்னாக. ஆனா மீன் சோறு முழுசா திங்குது, அப்பா வலையத் தூக்குனா முன்னாடி ஓடுது. ஆரம்பத்துல அப்படித்தானாம், நாய் நல்லா இருக்கும், கட்டி மட்டும் வளரும்.

நம்ம பக்கம் உண்ணி ஜாஸ்தி, உண்ணிக் காய்ச்சல்லயும் நெறி கட்டும்ல, அதனால மொதல்ல ரத்தத்துல அதத்தான் பாத்தாக, இல்ல. பெறகு முடிச்சுல ஊசி குத்தி உறிஞ்சி கண்ணாடில தடவி லேபுக்கு அனுப்பித்தான் உறுதி பண்ணுனாக. சில நாய்க்கு குடல்ல வருமாம், வாந்தி பேதின்னு மெலிஞ்சுரும், நெஞ்சுக்குள்ள வந்தா மூச்சு வாங்கும், இருமும். தண்ணியா குடிச்சு ஒண்ணுக்குப் போயிட்டே இருந்தா ரத்தத்துல கால்சியம் ஏறியிருக்கலாமாம். எந்த வெள்ளை அணுவுல வந்துச்சுங்கிறத வச்சு பி செல், டி செல்னு வகை பிரிப்பாகளாம், டி செல் வகைல அது அதிகமாம். இதுக்கு அப்படி எதுவும் இல்ல, பி வகையா டி வகையான்னு ரிப்போர்ட் இன்னும் வரல.

பக்கத்து வீட்டு மதினி ஸ்டீராய்டு மாத்திரை குடு வத்திரும்னு சொல்லுது. வத்தும்தான், ஆனா அத மொதல்லயே குடுத்துட்டா பெறகு கீமோ சரியா வேலை செய்யாதாம், அதனால நான் ஒண்ணு கூட குடுக்கல. ஒண்ணுமே பண்ணலன்னா பெரும்பாலும் 4 லேர்ந்து 6 வாரம், மாத்திரை மட்டும்னா ஒண்ணு ரெண்டு மாசம், நாலு மருந்து சேத்து கீமோ போட்டா பி வகையில சுமாரா ஒரு வருசம். பெரும்பாலும் முழுசா போகாது தம்பி, அடங்கும், திரும்ப வரும். நாய்க்கு மனுசருக்கு மாதிரி அவ்வளவு கஷ்டப்படுத்தாம டோஸ் கம்மியாத்தான் குடுப்பாகளாம்.

நாய்க்குப் போயி கீமோவான்னு தெருவுல கேக்குறாக, கேக்கட்டும். நல்லா திங்கும்போதே ஆரம்பிச்சாத்தான் தாங்கும்னு டாக்டர் சொன்னாக, எனக்கும் அதான் சரின்னு படுது. தங்கச்சிமடத்துலேர்ந்து திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பேசலாம்னு அப்பா சொல்றாக. திங்காம சுருண்டு படுத்துட்டா நிறுத்திருவோம், அது வதைபட நான் விடமாட்டேன். அக்கா பிள்ளையக் கூட்டிட்டு வர யோசிக்கிறா, இது ஒட்டுவாரொட்டி இல்லன்னு நீயும் சொல்லு. மருந்து போட்ட பெறகு கொஞ்ச நாள் மூத்திரத்த கையுறை போட்டு கழுவணும், பிள்ளைய கிட்ட விடக்கூடாது, அவ்வளவுதான்.

வளத்தது நீ, நீயும் சரின்னு சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. ஷிப்ட் முடிஞ்சதும் கூப்பிடு, அப்பாவும் கரைக்கு வந்துருவாக, மூணு பேருமா பேசி முடிவு பண்ணுவோம். லீவு கெடைக்குமான்னும் கேட்டு வை.

அம்மா