தலைகளை எண்ணினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் சமுதாயத்திற்கு ஒதுக்கப்படும் மானியம் போதுமா என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர்கள் எழுதும் கடிதங்களைப் படித்து வருகிறேன். மலேசிய இந்தியர்களின் மேம்பாட்டுக்காக அரசாங்கம் 2014-இல் அமைத்த செடிக் பிரிவு, 2018-இல் மித்ரா ஆனது. ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்ற எண்ணைச் சுற்றியேதான் இன்னமும் பேசுகிறோம். யாருக்கு எவ்வளவு போனது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பணத்தில் படித்த பிள்ளை ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறான் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் பதில் சொல்லும் திறனும் எங்களைப் போன்ற சங்கங்களிடம் இல்லை. இதை எங்கள் அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மலாய்மொழியிலும் கணிதத்திலும் தடுமாறுகிறார்கள் என்று சனிக்கிழமைகளில் இலவச வகுப்பு நடத்தினோம். வாரம் தவறாமல் நாற்பது பேர் வந்தார்கள். படம் எடுத்தோம், ரசீதுகளைச் சேர்த்தோம், அறிக்கை அனுப்பினோம். கணக்கில் ஒரு சென் பிசகவில்லை. வகுப்பு நன்றாக நடக்கிறது என்று மனதார நம்பினோம்.

மூன்றாம் ஆண்டு ஒரு பெண் தொண்டூழியராக வந்து சேர்ந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வருகைத் தாள்களைப் புரட்டிவிட்டு, "சார், இந்த வாரம் வந்த நாற்பது பேர், போன வாரம் வந்த அதே நாற்பது பேரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே ஒரு பிள்ளைக்கு ஒரு வரி என்று பெயர்களை எழுதி வாரவாரமாக நிரப்பிக் காட்டினார். விடாமல் வந்தவர்கள் பதினொரு பேர்தான். மற்றவர்கள் வருவதும் நிற்பதுமாக இருந்திருக்கிறார்கள். நின்றவர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டோம். அம்மாவுக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட், கொண்டுவந்து விட ஆளில்லை என்பதுதான் பல வீடுகளில் காரணம். மூன்று ஆண்டுகளாக இது எங்களுக்குத் தெரியாது.

அடுத்து, முதல் நாளே ஒரு சிறிய சோதனை வைக்கச் சொன்னார். தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலிலிருந்து ஒரு பத்தியை வாசிக்க வைத்தோம். இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டான இரண்டாம் படிவத்தில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் திணறினார்கள். அவர்களுக்குத்தான் நாங்கள் கட்டுரைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் வகுப்பை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றினோம். வயதைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரித்தோம். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அதே மாதிரிச் சோதனை. பணம் ஒரு ரிங்கிட்கூட அதிகமாக வரவில்லை, ஆசிரியர்களும் பழைய ஆசிரியர்களே. ஆண்டு முடிவில் பெரும்பாலான பிள்ளைகள் நிற்காமல் வாசித்தார்கள். எல்லாம் எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன், பள்ளி ஆசிரியர்களின் உழைப்பும் அதில் உண்டு. ஆனால் வழி தவறுவது பாதியிலேயே தெரிந்ததால்தான் திருத்த முடிந்தது. தொழிற்சாலையில் ஒவ்வொரு மணி நேரமும் பொருளை எடுத்துப் பார்ப்பார்களாம். ஷிஃப்ட் முடிந்து பார்த்தால் கழிவு மலையாகிவிடும் என்றார் அந்தப் பெண். கண்காணிப்பு என்றால் என்னவென்று எந்தப் பட்டறையிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

இது இப்போது இன்னும் அவசரம். முன்பெல்லாம் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் முடிவைக் காட்டி 'இத்தனை ஏ' என்று அறிக்கை எழுதிவிடலாம். யூபிஎஸ்ஆர் 2021-இல் நின்றது, மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 2022-இல் நின்றது. இப்போது பள்ளிகள் வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை தருகின்றன. அதைப் படித்துப் புரிந்துகொள்ளவும், சொந்தமாகத் தொடக்க நிலையைப் பதிந்து வைக்கவும் சங்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை. திட்டச் செலவில் 5 முதல் 10 விழுக்காட்டைக் கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 50,000 ரிங்கிட் திட்டத்துக்கு 2,500 முதல் 5,000 ரிங்கிட். விண்ணப்பத்தில் நாங்கள் அதை எழுதினால் முதலில் வெட்டப்படும் வரி அதுதான். பதாகைக்கும் உணவுக்கும் கேள்வியில்லை. எங்களுக்கு நிதி தந்த ஒரு தனியார் அமைப்பின் அதிகாரி, "பாதியில் நின்றவர்களைப் பற்றி எழுதாதீர்கள், அடுத்த ஆண்டு நிதிக்குப் பாதிப்பு" என்று சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதை எழுதாவிட்டால் அம்மாக்களின் ஷிஃப்ட் பிரச்சினை யாருக்குத் தெரிய வரும்?

திட்டங்களை மதிப்பிட, பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி வகுத்த அளவுகோல்கள் முதலில் ஐந்து. 2019-இல் அவை ஆறாயின. அத்தனைக்கும் சிறிய சங்கங்கள் விடை எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாம் செய்வது அந்தக் குடும்பத்தின் தேவைக்குப் பொருந்துகிறதா, பிள்ளையிடம் மாற்றம் தெரிகிறதா என்ற இரண்டைக் கேட்டாலே எங்களுக்குப் பாதி விளங்கிவிடும். ஐந்தாறு சங்கங்களுக்குப் பொதுவாக ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்ளலாம். பட்டர்வொர்த்தை உள்ளடக்கிய செபராங் பிறையில் ஒரே வேலையை அடுத்தடுத்த தெருக்களில் செய்யும் சங்கங்கள் எத்தனையோ இருக்கின்றன. செயலாளர்களுக்கான பயிற்சியைத் தமிழிலும் மலாயிலும் நடத்தினால் என் வயதுக்காரர்களும் கூச்சமில்லாமல் உட்காருவோம். நிதி தருபவர்கள் கடைசித் தவணையில் ஒரு சிறு பகுதியை நிறுத்திவைத்து, ஓராண்டு கழித்துப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்கும் செலவுக்கென்றே கொடுக்கலாம்.

எங்கள் தையல் வகுப்பில் பயின்ற பெண்களை இன்னும் அப்படித் தேடிப் பார்க்கவில்லை. சான்றிதழ் வாங்கியவர்களில் எத்தனை பேர் இன்று தைக்கிறார்கள் என்று தெரியாது. அடுத்த மாதம் முதல் வீடு வீடாகப் போகிறோம். கிடைக்கும் பதில் எப்படி இருந்தாலும் அதை அப்படியே அறிக்கையில் எழுதுவதாகச் செயலவையில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு சங்கச் செயலாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு