திண்ணைக்கும் ஒரு கோடு போடுங்கள்: டெல்டாவில் வீடு வரையும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டா கிராமங்களில் நடக்கும் வீடு கட்டும் திட்டங்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள், அடித்தளம் பார்க்க வருகிறவர்கள், அளவு எடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அம்மாவும் அப்பாவும் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு கீற்றுகூட மிஞ்சவில்லை. நனைந்த மண்சுவரும் சரிந்துவிட்டது. தோட்டை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, அடுத்த வருடம் நாங்களே ஒரு மெத்தை வீடு கட்டினோம். ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு சமையல்கட்டு, தெருப்பக்கம் ஒரு சன்னல். மனை சின்னது என்பதால் வாசற்படி நேராகத் தெருவில் இறங்கும். தளம் போட்ட அன்று அம்மா அழுதுவிட்டார். இனி மழைக்கு நடு ராத்திரியில் எழுந்து பாத்திரம் வைக்க வேண்டாமே என்ற சந்தோஷம்.

அப்புறம் கத்திரி வெயில் வந்தது.

ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் சுட்டது. சிமெண்ட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். மின்விசிறி போட்டால் தளத்தடியில் நிற்கிற அந்தச் சூடான காற்றைத்தான் முகத்தில் தள்ளும். நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. உடம்பின் உட்சூடு சற்றுக் குறைந்தால்தான் நல்ல தூக்கம் வரும். குறைய வழியில்லாத உடம்பு புரண்டுகொண்டே கிடக்கும். விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கு ராத்திரித் தூக்கம் போனால் மீதி என்ன இருக்கிறது?

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் சண்டையாக முடிந்தது. தட்டு வைக்கிற சத்தத்துக்கே அப்பாவுக்குக் கோபம் வரும். தம்பிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அவன் படிக்க விளக்கு எரிய வேண்டும், அப்பா தூங்க விளக்கு அணைய வேண்டும். நான் யாரிடமும் சொல்லாமல் கொல்லையில் போய் உட்கார்ந்திருப்பேன். கடன்தான் காரணம் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பழைய வீட்டிலும் இதே நாலு பேர்தான், அங்கேயும் கடன் இருந்தது. அங்கே இருந்து இங்கே இல்லாமல் போனது திண்ணை.

சாணம் மெழுகிய அந்த மண் திண்ணை என்னென்ன வேலை செய்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. வேலை முடிந்து வருகிற அப்பா நேராக உள்ளே வரமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, தெருவில் போகிற இரண்டு பேரிடம் பேசி, வயலில் ஏறிய கோபமெல்லாம் அங்கேயே இறங்கிய பிறகுதான் உள்ளே வருவார். உள்ளே யாருக்காவது மனத்தாங்கல் என்றால் ஒருவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடலாம், அதைக் கோபித்துக்கொண்டு வெளியே போவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புழுக்கமான ராத்திரிகளில் படுக்கையும் அங்கேதான். புது வீட்டில் அப்பா சாலை ஓரத்து மதகுக் கட்டையில் போய் உட்கார ஆரம்பித்தார். அம்மாவுக்கு அப்படிப் போய் உட்கார இடமே கிடையாது. பெண்களுக்குத் திண்ணையை விட்டால் வீட்டு வாசலில் வேறு இடம் எது?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீடு, உடல்நலம் பற்றிய வழிகாட்டுதல்களில் வீட்டுக்குள் நெரிசலும் வெப்பமும் உடம்பையும் மனதையும் கெடுக்கும் காரணங்களாகவே பேசப்படுகின்றன. 2010இல் அமெரிக்காவில் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரு ஆய்வாளர்கள், வேலைக்குப் போகும் தம்பதிகளைத் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். வீடு அடைசலாக, வேலை முடியாமல் கிடக்கிறது என்று சொன்ன பெண்களுக்கு, கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு பொழுது சாயச் சாயக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு ஒரு மருத்துவமனையில் நடந்தது. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், சன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. எங்கள் சமையல்கட்டுச் சந்தில் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர். அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் சோறாக்குகிறார்.

கூரை வீடே போதும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த மண் இது. தீக்கும் புயலுக்கும் பாம்புக்கும் பயந்து கூரையடியில் படுத்தவர்களின் பிள்ளை நான். எங்களுக்குச் சிமெண்ட் தளம் வேண்டும். அந்தத் தளத்துக்கு அடியில் தூங்கவும் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் புது விதி எதுவும் தேவையில்லை. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் கதவை விட்டுவிட்டு, சன்னல் முதலான திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பே சொல்கிறது. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 20 சதுர அடி. மூன்றுக்கு நாலு சன்னல் ஒன்று வைத்தால் 12தான் வரும். ஒரே சுவரில் எத்தனை வைத்தாலும் காற்று ஓடாது, எதிர்ச் சுவரிலும் வழி வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதும், சித்திரையில் தென்றல் தெற்கிலிருந்து வருவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரே வரைபடத்தை எல்லா மனைக்கும் போடும்போது வாசல் எந்தத் திசை என்று யாரும் பார்ப்பதில்லை. மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கப் பணம் இல்லையா, சரி, வருடம் ஒருமுறை பங்குனியில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். நாங்கள் அடித்துப் பார்த்தோம், அன்று ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. இந்த 60 சதுர அடியைப் பார்த்ததும் எனக்கு மனசு துள்ளியது. முன்பக்கம் ஓட்டுச் சாய்ப்பு இறக்கி, அதனடியில் திண்ணை கட்ட இதைவிட நல்ல இடம் ஏது? கட்டுகிறவர்கள் இதை ஒரு சின்ன அறையாக அடைத்துவிடுமுன் நீங்கள் பேச வேண்டும். கட்டுகிற வீட்டுப் பெண்ணிடமும் கேளுங்கள். அளவு எடுக்க வருகிறபோது பட்டாவும் ஆதாரும் வாங்கிப் பார்க்கிறீர்கள், மத்தியானம் எங்கே உட்காருவீர்கள், ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

நான் அம்மாவிடம் கேட்டேன். முழங்கால் உயரம், ஒருத்தர் காலை நீட்டிப் படுக்க ஆறடி நீளம், மூன்றடி அகலம், தலைமாட்டில் சாய்ந்துகொள்ள ஒரு தூண் என்றார். கணக்குப் போட்டால் 18 சதுர அடி. உங்கள் அடுத்த வரைபடத்தில் அதற்கு ஒரு கோடு போடுங்கள்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி வட்டத்திலிருந்து
ஒரு விவசாயத் தொழிலாளியின் மகள்