என் அக்காவின் சிறுநீரகம் என்னிடம் தங்கக் காரணமானவர்களுக்கு

இந்த மடல் யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும், ஓடி ஓடிக் கையெழுத்து வாங்கிய கோஆர்டினேட்டர் அம்மாவுக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் நேரில் பார்க்க வழியே இல்லாத சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை, பலருடைய பெயர்கூடத் தெரியாது. அவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதைப் பொதுவில் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

முதல் வணக்கம் பீட்டர் மெடவார் அவர்களுக்கு. 1915இல் பிரேசிலில் பிறந்தவர், அப்பா லெபனான்காரர், அம்மா இங்கிலாந்துக்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படித்தது விலங்கியல். மருத்துவரே இல்லை, ஒரு நோயாளிக்கும் மருந்துச்சீட்டு எழுதியதில்லை, ஆனாலும் என் மருந்துப் பெட்டியைத் திறந்தால் அவர் வேலையின் தடயம் அதில் இருக்கிறது. 1940இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த விமானி பிழைத்தார், ஆனால் உடம்பெல்லாம் தீக்காயம். ஒட்டுவதற்கு அவர் உடம்பிலேயே போதுமான தோல் இல்லை. அடுத்தவர் தோலை எடுத்து ஒட்டினால் ஏன் நிற்பதில்லை என்ற கேள்வி மெடவாரை அப்போது பிடித்துக்கொண்டது, அப்புறம் வாழ்நாள் முழுக்க விடவில்லை.

அந்தக் கேள்வியோடு அவர் கிளாஸ்கோவுக்குப் போனார். அங்கே தாமஸ் கிப்சன் என்ற பிளாஸ்டிக் சர்ஜனோடு சேர்ந்து, மோசமான தீக்காயத்தோடு கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு, அவளுடைய சொந்தத் தோலிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளையும் அவள் தம்பியோ அண்ணனோ, அந்த உடன்பிறந்தவனின் தோலிலிருந்து சில துண்டுகளையும் காயத்தின் மேல் வரிசையாக வைத்தார்கள். அவளுடைய தோல் பிடித்துக்கொண்டது. அவனுடையது முதலில் பிடித்த மாதிரி இருந்து, கொஞ்ச நாளில் அழிந்துபோனது. சரி, இது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த விஷயம்தான். அவர்கள் அதோடு நிற்காமல் அதே உடன்பிறந்தவனின் தோலை இரண்டாவது தடவையும் வைத்துப் பார்த்தார்கள், அந்தத் தடவை அது இன்னும் சீக்கிரமாக அழிந்தது. முதல் தடவை பார்த்ததை உடம்பு நினைவில் வைத்திருந்திருக்கிறது, அதாவது அம்மைக்கு எதிராக நிற்கும் அதே நோயெதிர்ப்புச் சக்திதான் கூடப்பிறந்தவனின் தோலையும் துரத்துகிறது என்று அங்கிருந்துதான் பிடிபட்டது. 1943இல் கட்டுரை வந்தது.

நான் இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் என் அக்கா. அந்தப் பெண்ணுக்கு உடன்பிறந்தவனின் தோல் நிற்கவில்லை, எனக்கு அக்காவின் சிறுநீரகம் நிற்கிறது. அறுவைக்கு முன்னால் கிராஸ் மேட்ச் என்று ஒரு பரிசோதனை செய்தார்கள், அக்காவின் வெள்ளணுக்களோடு என் ரத்தச் சீரத்தைக் கலந்து, அவளை எதிர்க்கும் எதையாவது என் உடம்பு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறதா என்று பார்ப்பது. அந்த முடிவுக்காக லேப் வாசலில் அக்காவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கவரைக் கொடுத்த லேப் தம்பி "நெகட்டிவ்தாங்க, நல்லதுதான்" என்று சொன்ன பிறகும் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நெகட்டிவ் என்றால் நல்லது என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும் என்று தெரிந்ததால்தான் இப்படியொரு பரிசோதனையே வந்திருக்கிறது. கிளாஸ்கோவில் அந்த வேதனையிலும் தன் காயத்தைப் பார்க்கவும் அளக்கவும் அனுமதித்த அம்மா, உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவருக்கும் என் நன்றி.

அதே காரணத்துக்காக டயாலிசிஸ் நாட்களில் எனக்கு ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிர்த்தார்கள். ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டிலும் அடுத்தவர் அணுக்களை உடம்புக்கு அறிமுகப்படுத்திவிடும். பதிலுக்கு எரித்ரோபாயட்டின் ஊசி போட்டார்கள். அது ஒரு ஹார்மோன், நல்ல சிறுநீரகம் தானாகவே சுரப்பது, ரத்தச் சிவப்பணு உண்டாக வைப்பது. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் 1955 முதல் இருபது வருடத்துக்கும் மேலாகப் போராடினார். கடைசியில் கைகொடுத்தவர் ஜப்பானில் குமாமோட்டோவிலிருந்து வந்த தகாஜி மியாகே. கடும் ரத்தசோகை நோயாளிகளின் சிறுநீரில் இந்த ஹார்மோன் அதிகம் வெளியேறும் என்பதால், மொத்தம் 2550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, வற்றவைத்து, ஒரு சிறு பொட்டலமாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 1977இல் ஹார்மோன் சுத்தமாகக் கிடைத்தது. நம்மூர் டயாலிசிஸ் வார்டுகளில் இன்று அந்த ஊசி சர்வ சாதாரணம். மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நான் அதைப் போட்டு சில வாரத்தில் கடைத்தெரு வரை நடந்தேன். அந்த ஜப்பானிய நோயாளிகள் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கடைத்தெரு நடை அவர்கள் கொடுத்தது.

மறுபடி மெடவார் ஐயாவிடம் வருகிறேன். 1948 வாக்கில் ஒருவர் அவரிடம் இரட்டைக் கன்றுகளில் எது ஒரே கருவிலிருந்து வந்தது, எது தனித்தனிக் கரு என்று கண்டுபிடிக்க வழி கேட்டார். தோலை மாற்றி ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும் என்றார் இவர். ஒட்டிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லா இரட்டையும் ஒன்றன் தோலை ஒன்று ஏற்றுக்கொண்டது! தாய் வயிற்றிலேயே இரண்டின் ரத்தமும் கலந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் ரே ஓவன் 1945இலேயே காட்டியிருந்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மெடவாரும் ரூபர்ட் பில்லிங்காமும் லெஸ்லி பிரெண்ட்டும், பிறக்காத சுண்டெலிக்குள் வேறொரு வகைச் சுண்டெலியின் அணுக்களைச் செலுத்தினார்கள். அது வளர்ந்த பின் அந்த வகையின் தோலை அந்நியமாகவே நினைக்கவில்லை. 1953இல் அது வெளிவந்தது, 1960இல் மெடவாருக்கும் ஆஸ்திரேலியாவின் பர்னெட்டுக்கும் நோபல். மேடையில் இடம் கிடைக்காத பில்லிங்காமுக்கும் பிரெண்ட்டுக்கும் மெடவார் தன் பரிசுப் பணத்தில் பங்கு கொடுத்தார். அந்தப் பண்புக்காகவே அவரைத் தனியாகக் கும்பிடலாம். இந்த பிரெண்ட் யார் தெரியுமா? 1938இல் பதின்மூன்று வயதில் நாஜி ஜெர்மனியிலிருந்து யூதக் குழந்தைகளை ஏற்றி அனுப்பிய பயணத்தில் தனியாக இங்கிலாந்து வந்து சேர்ந்த பையன். அப்பா, அம்மா, அக்கா எல்லோரையும் கொன்றுவிட்டார்கள். அவர் வளர்ந்து, ஓர் உடல் அந்நியரை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்று ஆராய்ந்தார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் அந்தச் சுண்டெலிகளுக்குக் கிடைத்தது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவற்றுக்கு மாத்திரை தேவைப்படவில்லை. அக்காவின் சிறுநீரகத்தை என் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எனக்குக் காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் டாக்ரோலிமஸ், கூடவே மைக்கோஃபினோலேட், அப்புறம் பிரட்னிசோலோன். இந்தக் கடைசி மாத்திரை நம் அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோனின் தம்பி. அதே சுரப்பியின் கார்ட்டிசோன் என்ற ஹார்மோனை மூட்டுவாத நோயாளிகளுக்கு அமெரிக்காவில் மருத்துவர் ஹென்ச்சும் வேதியியலாளர் கெண்டலும் 1948இல் கொடுத்துப் பார்த்தார்கள், படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1951இல், மெடவாரும் பில்லிங்காமும் க்ரோனும் அதே கார்ட்டிசோனை முயல்களுக்குக் கொடுத்து, ஒட்டிய தோல் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் தாக்குப்பிடிப்பதைக் காட்டினார்கள். 1963இல் அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல், சிறுநீரகத்தை உடம்பு தள்ள ஆரம்பித்த பிறகும் ஸ்டீராய்டை, அதாவது இந்தக் கார்ட்டிசோன் வகை மருந்தை, ஏற்றிக் கொடுத்தால் அதைத் திருப்ப முடியும் என்று டென்வரில் செய்து காட்டினார்.

திருப்புவது என்றால் என்ன என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். ஒரு தடவை ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, மெல்ல ஏறியது. சிறுநீரகத்திலிருந்து துளித் திசு எடுத்துப் பயாப்ஸி பார்த்தார்கள், ரிஜெக்ஷன், அதாவது உடம்பு தள்ளுகிறது என்றார்கள். மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை டிரிப்ஸில் ஏற்றினார்கள். அது ஏற ஏற வாயெல்லாம் பித்தளைச் சொம்பை நக்கியது போல ஒரு கசப்பு, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, சர்க்கரை எகிறியது, முகம் வீங்கிப் பக்கத்து வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் கிரியாட்டினின் இறங்கியது. அக்கா கொடுத்தது பிழைத்தது. வார்டில் அன்று நான் மனசுக்குள் நன்றி சொன்னது அந்த முயல்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னும் பலர் இருக்கிறார்கள். பின்னாளில் இங்கிலாந்தில் அறுவை மருத்துவரான ராய் கால்ன், மாணவராக இருந்தபோது தன் வயதுப் பையன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து சாவதைப் பார்த்து, ஏன் மாற்ற முடியாது என்று கேட்க, முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். பின்னாளில் மெடவாரின் உரையைக் கேட்கப் போனபோதும், இதனால் நோயாளிக்கு ஏதாவது பயன் உண்டா என்று ஒருவர் கேட்டதற்கு, ஒன்றுமே இல்லை என்று மெடவாரே சொல்லிவிட்டார். கால்ன் அதற்கெல்லாம் அசரவில்லை. முனைவர் பட்டம் இல்லாமலே 1988இல் நோபல் வாங்கிய கெர்ட்ரூட் எலியனும் அவரோடு உழைத்த ஹிட்சிங்ஸும் உருவாக்கிய அசாதயோபிரின் என்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து, கால்ன், அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசப் மர்ரே ஆகியோர் கைகளில் நோயாளிகளுக்கு வந்து சேர்ந்தது. நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணில் 1984இல் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது.

நம் பக்கம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் டாக்டர் மோகன் ராவும் டாக்டர் ஜானியும் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தார்கள். அவர்கள் போட்ட பாதையில்தான் நாங்களெல்லாம் வருகிறோம். எனக்கு வாய்த்தது போல ஓர் அக்கா வாய்க்காதவர்களுக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம்தான் கதி. 2008இல் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் பல வீடுகள் அதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தன. அப்படிக் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைவணங்குகிறேன். 2023 முதல் தமிழ்நாட்டில் இப்படி உறுப்பு கொடுத்துப் போனவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை தரப்படுகிறது. அது நியாயம்.

அக்காவுக்கு என்ன எழுதுவது? ஆபரேஷன் முடிந்து அவளுக்குத்தான் வலி அதிகம், எழுந்து உட்காரவே பல்லைக் கடித்துக்கொண்டாள், ஆனால் கண் விழித்ததும் கேட்டது "அவனுக்கு யூரின் வருதா?" என்றுதான். அக்கா, வருகிறது.

மெடவார் ஐயா 1969இல் பக்கவாதத்தில் விழுந்து, ஒரு பக்கம் செயலிழந்த உடம்போடும் 1987இல் இறக்கும்வரை வேலையை விடவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து பாஸ்டனிலும் ஸ்டான்ஃபோர்டிலும், கொடையாளரின் சிறுநீரகத்தோடு எலும்பு மஜ்ஜை அணுக்களையும் கொடுத்துச் சிலரை மாத்திரை இல்லாமலே வாழவைத்திருக்கிறார்கள். அந்த வழியில் உழைக்கும் எல்லா ஆய்வாளர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: என் பயாப்ஸியில் மிஞ்சும் திசுவையும் ரத்தத்தையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்னும் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
அக்காவின் தம்பி