மும்பை தாதரில் ரயில் மாறுவது பற்றி ராஜிக்கு

அன்புள்ள ராஜி,

நேற்று நீ போன் செய்தபோது நான் ரயிலில் இருந்தேன். சுற்றிலும் ஒரே இரைச்சல். "தாணேயில் ஏறி தாதரில் மாறினால் லோயர் பரேல், கயல் ஆபீசுக்குப் போக ரொம்பச் சுலபமாம்" என்று நீ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "சரி சரி" என்று வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்தச் 'சுலபம்' உறுத்திக்கொண்டே இருந்தது. வாட்ஸப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டு அனுப்பிவிடுவாய். காகிதம் என்றால் இரண்டு தடவை படிப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மகள் கயலுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஹெலனிடம் சொன்னேன். "மூன்றாம் மாடிப் பூனையின் குட்டி மும்பைக்கு வருதா?" என்று கத்தினாள். பாக்கியத்துக்கு நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கோபித்துக்கொள்வாள். இங்கே எல்லோரும் நலம். அவர் போன மாதம் ஓய்வு பெற்றார். இப்போது காய்கறி வாங்குவது முழுக்க அவர் பொறுப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ரயில்வே காலனியில் பிறந்தவள் நீ. ரயிலைப் பற்றி எனக்கே பாடமா என்பாய். உன் அப்பா இருந்த ஸ்டேஷனில் வண்டி வந்தால் நின்றது, ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், பிறகு அவர் கொடி காட்டினார். தாதரில் காலை ஒன்பது மணிக்கு வண்டி நிற்பதற்குள் பாதிப் பேர் இறங்கியிருப்பார்கள், அதே கதவில் பாதிப் பேர் ஏறியிருப்பார்கள். முழுதாக நிற்பது அரை நிமிஷம்கூட இருக்காது. இறங்க வேண்டியவள் இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே கதவுப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். அப்புறம் அவள் நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே இறக்கிவிடும். நகராமல் உள்ளே மாட்டிக்கொண்டால் அடுத்த ஸ்டேஷனில்தான்.

ஆனால் ராஜி, எனக்கு பயம் ரயில் மேல் இல்லை. பாலத்தின் மேல்தான்.

தாதர் ஒரு ஸ்டேஷன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஸ்டேஷன். வெள்ளைக்காரன் காலத்தில் கிரேட் இண்டியன் பெனின்சுலா ஒரு கம்பெனி, பாம்பே பரோடா அண்டு சென்ட்ரல் இண்டியா இன்னொரு கம்பெனி. முதல் கம்பெனிதான் 1853-ல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயிலை விட்டது. அவரவர் தண்டவாளம், அவரவர் பிளாட்பாரம். 1951-ல் அவை சென்ட்ரல் ரயில்வே, வெஸ்டர்ன் ரயில்வே என்று மாறின. ஆனாலும் தாதரில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இன்றைக்கும் பாலம் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். சென்ட்ரலில் கல்யாண், தாணே, டோம்பிவிலியிலிருந்து வருகிறவர்களும் வெஸ்டர்னில் விரார், போரிவிலி, அந்தேரியிலிருந்து வருகிறவர்களும் ஒரே நேரத்தில் எதிரெதிராக அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். யாரும் யாரையும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. எல்லோருக்கும் ஆபீசில் கைரேகை வைக்கிற நேரம் ஒன்றுதான், அதுதான் கஷ்டம்.

முன்பெல்லாம் குழப்பம் இன்னும் அதிகம். வெஸ்டர்னில் ஒரு ஒன்றாம் நம்பர், சென்ட்ரலில் ஒரு ஒன்றாம் நம்பர். "ஒண்ணாம் நம்பர்ல நிக்கறேன்" என்று இவர் சொல்ல, நான் வேறொரு ஒன்றாம் நம்பரில் காத்து நின்ற நாட்கள் உண்டு. 2023 டிசம்பரில்தான் எண்களை மாற்றினார்கள். வெஸ்டர்னில் 1 முதல் 7 அப்படியே இருக்கிறது, சென்ட்ரலில் 8 முதல் 14. அதற்குக் கொஞ்சம் முன்னால் சென்ட்ரலின் பழைய இரண்டாம் நம்பரை மூடி, ஒன்றாம் நம்பரை அகலப்படுத்தினார்கள். அந்த ஒன்றாம் நம்பர்தான் இப்போது எட்டு. அகலமானதும் மூச்சு விட இடம் கிடைத்தது. இந்த ஊரில் நடந்த நல்ல காரியங்களில் அதை முதலில் வைப்பேன். யாரும் மாலை போடவில்லை, பேப்பரில் நாலு வரி வந்தது, அவ்வளவுதான். ஆனால் தினமும் எத்தனை ஆயிரம் விலா எலும்புகள் அதனால் பிழைக்கின்றன!

விலா எலும்பு என்று சும்மா சொல்லவில்லை. 2017 செப்டம்பர் 29 உனக்கு நினைவிருக்கும். டிவியில் பார்த்துவிட்டு நீதான் முதலில் கூப்பிட்டாய். தாதருக்கு அடுத்த ஸ்டேஷன், அப்போது எல்ஃபின்ஸ்டன் ரோடு என்று பெயர், இப்போது பிரபாதேவி. அதையும் பக்கத்து பரேல் ஸ்டேஷனையும் இணைக்கிற நடைபாலம். காலை பத்தரை மணி, திடீரென்று பெருமழை. மேலே இருந்தவர்கள் மழைக்குப் பயந்து படியிலேயே ஒதுங்கினார்கள். கீழே ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன. இருபத்துமூன்று உயிர் போனது. என் ஆபீசில் என்னோடு சாப்பிடுகிற ஒரு அம்மா தினமும் அதே நேரத்தில் அந்தப் பாலம் ஏறுகிறவர். அன்று கொலுவுக்குப் பூ வாங்கப் போனதால் அந்தப் பக்கம் வரவில்லை. மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் திறக்கவே இல்லை.

மிதிபட்டுச் செத்தார்கள் என்றுதான் பேசிக்கொள்வோம். இப்படிப்பட்ட நெரிசலில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லையாம். நின்றபடியே, மார்பு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டித்தான் உயிர் போகிறது. சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் தன் கால் போகிற திசை ஒருவர் கையிலும் இருக்காது. எங்கள் ரயிலுக்குள் அதைவிட மோசம், 14 முதல் 16 பேர் என்று ரயில்வேக்காரர்களே கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் பெட்டியில் எல்லோரும் ஒரே தரையில் நிற்கிறார்கள், மேலிருந்து யாரும் சரிய மாட்டார்கள். படிக்கட்டில் ஒருத்தர் சரிந்தால் எல்லாப் பாரமும் கீழே நிற்பவர்கள் மேல்தான்.

அதனால் கயலிடம் இதை நீ சொல்ல வேண்டும். அம்மா சொன்னால் கேட்பாள், சித்தி சொன்னால் சிரிப்பாள். பாலத்தில் கூட்டம் நகராமல் நின்றால் ஏறவே வேண்டாம். பிளாட்பாரத்தில் நாலு வண்டி போகட்டும். மழை பெய்தால் நனையலாம், படியில் மட்டும் ஒதுங்கக் கூடாது. கையிலிருந்து எது விழுந்தாலும், ஐபோனே ஆனாலும், குனிந்து எடுக்கக் கூடாது. நெருக்கடி வந்துவிட்டால் இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து, மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். கூட்டத்தை எதிர்த்து முண்டாமல், பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்க வேண்டும். பையை முதுகில் மாட்டாமல் முன்னால் மாட்டிக்கொள்ளட்டும்.

இவ்வளவு எழுதிவிட்டு, இன்று மதியம் டப்பா சாப்பிடும்போது அதே அம்மாவிடம் கயல் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "எதுக்கு தாதர்? கரி ரோடு போகட்டும்."

எனக்கு எவ்வளவு நிம்மதி! லோயர் பரேல் வெஸ்டர்ன் லைனில் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கம், நடந்து போகிற தூரத்தில், சென்ட்ரல் லைனில் கரி ரோடு இருக்கிறது. நடுவில் இருக்கும் டிலைல் பாலம் 2018-ல் மூடியது, 2023-ல்தான் முழுதாகத் திறந்தது. அந்த வருஷங்களில் மறந்துபோன வழி. கரி ரோட்டில் ஃபாஸ்ட் வண்டி நிற்காது, எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகிற ஸ்லோதான். அதுவும் நல்லதுக்கே, ஏனென்றால் தாணேயிலேயே புறப்படுகிற ஸ்லோ வண்டிகள் உண்டு. கொஞ்சம் சீக்கிரமே போனால் உட்கார இடம் கிடைக்கும். கால் மணியோ இருபது நிமிஷமோ அதிகமாகும். ஆகட்டும். அங்கேயும் பீக் நேரத்தில் கூட்டம்தான், ஆனால் லைன் மாறுகிற கூட்டம் கிடையாது. எல்ஃபின்ஸ்டனுக்குப் பிறகு ராணுவம் வந்து கட்டிக்கொடுத்த மூன்று நடைபாலங்களில் ஒன்று கரி ரோட்டில்தான் இருக்கிறது. பாஸ் எடுக்கும்போது மட்டும் கவனம். லோயர் பரேலுக்கு 'வழி தாதர்' என்று எடுத்தால் கரி ரோட்டில் செல்லாது. தாணே - கரி ரோடு என்றே எடுக்கட்டும், தாதரும் அதற்குள் அடக்கம்.

தாதரும் வேண்டும் ராஜி. அவளைத் தாதரே பார்க்காமல் இருக்கச் சொல்ல என் மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வெஸ்டர்ன் பக்கம் இறங்கினால் பூ மார்க்கெட். செவ்வந்தி மூட்டை மூட்டையாக, தலைமேல் கூடையோடு ஓடுகிறவர்கள், தரையெல்லாம் தண்ணீரும் இலையும். நான் கூட்டிப்போகிறேன். டிசம்பர் 6-ஆம் தேதி லட்சக்கணக்கில் ஜனங்கள் அம்பேத்கர் நினைவிடமான சைத்யபூமிக்கு வருவார்கள், அன்று அவர் நினைவுநாள். தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகக் கிராமத்துப் பெண்கள் இறங்கி நடப்பதைப் பார்த்தால் கண் கலங்கும். 2025-லிருந்து தாதரில் பூமிக்கடியில் மெட்ரோவும் ஓடுகிறது, அக்வா லைன். கடைசி ஸ்டேஷன் கஃப் பரேட். லோக்கல் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். கயல் கடல் பார்க்க ஆசைப்பட்டால் அதில் ஏசியில் போகலாம்.

லேடீஸ் பெட்டியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னும் நாலு பக்கம் ஆகும். ஏறியதும் உட்கார்ந்திருப்பவளிடம் "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்டு சீட்டைச் சொல்லி வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடுவாள். தசராவுக்குப் பெட்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, பாட்டுப் பாடுவோம். கயலுக்குக் குரல் இருக்கிறதே, எங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து சாளுக்யா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயா, இல்லை விமானமா? சாளுக்யா என்றால் இறங்குவதே தாதர்தான். கோச் நம்பரும் சீட் நம்பரும் அனுப்பு. நானும் அவரும் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுகிறோம். முதல் நாள் ஆபீசுக்கு நான் கூடவே போவேன், கரி ரோடு வழியாக. இதில் உன் பேச்சையோ அவள் பேச்சையோ கேட்பதாக இல்லை. எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடு, சின்ன பாட்டில் போதாது. உன் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதை நேற்று நீ சொல்லவே இல்லை. அதை எழுது.

அன்புடன்,
வசந்தா