சிவப்புத் தரையும் பெயின்ற் வாளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வீட்டலங்காரப் பக்கத்தில், "ஒரு காலத்தில் மாபிள் போட வசதியில்லாதவர்களின் வீட்டில் இருந்த சிவப்புச் சீமெந்துத் தரை இப்போது மீண்டும் ஃபேஷன்" என்று ஒரு வரி இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தரமும் வாசித்தேன். வசதியில்லாதவர்களாம்.

கொழும்பில் பணக்காரர்கள் வாழ்ந்த கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளிலும் அந்தத் தரைதான் பளபளத்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எழுதிய பிள்ளைக்குத்தான் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். போதாததற்கு, "பழைய தோற்றம் வேண்டுமானால் சிவப்புப் பெயின்ற் பூசலாம்" என்று ஒரு யோசனை வேறு. சிவப்பு ஒக்சைட் தூளைச் சீமெந்துடன் சேர்த்து மேல்பூச்சாகப் போட்டு, மேசன் கரண்டியால் இழைத்து இழைத்து மினுக்கி, நாட்கணக்கில் ஈரம் காயாமல் பார்த்தால்தான் அந்தத் தரை வரும். நிறம் பூச்சுக்கு உள்ளே இருக்கிறது, மேலே இல்லை. பெயின்ற் பூசிப் பாருங்கள், நாலு தரம் கதிரையை இழுத்தால் செதில் செதிலாகக் கிளம்பும்.

சனிக்கிழமைகளில் தரைக்குப் போடும் சிவப்புக் கார்டினல் பொலிஷ் டின்னைத் திறந்தால் வாசம் ஒழுங்கை முனைவரை போகும். தேங்காய் மட்டையைக் குறுக்காக வெட்டி, அதன்மேல் ஒரு காலை வைத்து, தம்பியும் நானும் விறாந்தையின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்குத் தேய்ப்போம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வெள்ளைக் காலுறை சிவந்து போய் ஏச்சு வாங்கியது தனிக் கதை.

அதே கட்டுரை ஷோகேஸை "தூசி சேர்க்கும் பகட்டு" என்கிறது. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் கொழும்பு 33ஆம் ஒழுங்கை வீட்டில் செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்களை டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள். நல்லது, நானும் பார்த்தேன், அழகுதான். அவர் பழையதைச் சேர்த்தால் கலை, எங்கள் அம்மா சேர்த்தால் தூசி! 1977இல் இறக்குமதியைத் திறந்துவிடும்வரை கடையில் வாங்குவதற்கு என்ன பெரிதாக இருந்தது? அம்மாவின் ஷோகேஸில் இருந்த மணி அன்னமும் குரோஷே விரிப்பும் அவர் கையால் செய்தவை. யாரிடம் பகட்டுக் காட்ட?

1982 பெப்ரவரியில் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய கையோடு அப்பா தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார். அம்மா முதல் கிழமையே அதற்குச் சட்டை தைத்துவிட்டார். பார்க்கும்போது மட்டும் கழற்றுவோம். கொழும்பு வெக்கையில் அதற்கு என்ன குளிரோ தெரியாது. அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் 17 மாதம் இருந்தது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அகதி முகாமிலிருந்து திரும்பியபோது பெட்டியும் இல்லை, ஷோகேஸும் இல்லை, கூரை பாதிதான். அம்மா குந்தியிருந்து ஓரிடத்தில் கரியைச் சேலைத் தலைப்பால் தேய்த்தார். கீழே சிவப்பு அப்படியே இருந்தது. "பொலிஷ் டின் எங்கே?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது நான் இருப்பது அதே ஒழுங்கையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தட்டில். வெள்ளை மாபிள். போன வருடம் அதில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. வசதி வந்துவிட்டது, பாருங்கள்.

இன்னொன்று. "கொழும்பு இல்லம்" என்று நீங்கள் போட்ட படத்தில், யன்னலுக்கு வெளியே நிற்கும் காரில் தமிழ்நாட்டு இலக்கத்தகடு. நாங்கள் பேசும் கதிரை உங்கள் பக்கத்தில் நாற்காலியாகிவிட்டது, குசினி சமையலறையாகிவிட்டது. இதைப்பற்றி இரண்டு வருடத்துக்கு முன்னரும் எழுதினேன். இடம் போதவில்லை என்று நினைக்கிறேன். முழுப்பக்க சோபா விளம்பரத்துக்கு இடம் வேண்டுமே.

சரி, எழுத வந்த காரியம் இதுதான். அந்த ஜூலையில் பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி ஒரு தானத்துக்கு இரவல் வாங்கிப் போயிருந்த கதிரை ஒன்று மட்டும் தப்பியது. மொறட்டுவையில் செய்தது, இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். இப்போது இருக்கை கிழிந்து தொங்குகிறது. முன்பெல்லாம் ஒழுங்கையில் கூவிக்கொண்டு பின்னுகிறவர் வருவார், இப்போது வருவதில்லை. வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கத்தில் இன்னும் பிரம்பு பின்னுகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களின் விலாசத்தைத் தங்கள் பத்திரிகையில் ஒரு மூலையில் போடுங்கள். பிளாஸ்ரிக் நாடா போட்டுத் தருகிறோம் என்பவர்களின் விலாசம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை.