தம்பிக்கு, அப்பா எழுதுறேன்

கண்ணு, நல்லா இருக்கியா, நேரத்துக்கு சாப்பிடுறியா. நீ அனுப்புன இல்யூஷின் 62 பொம்ம விமானம் போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன். 1:100 அளவுல றெக்க ஓரத்துல கூட பிசிறு இல்ல, அந்த டைய, அதான் பிளாஸ்டிக் ஊத்தற அச்ச, செஞ்சவன் கைய கும்பிடணும்டா, ஆயுசு பூரா மோல்டிங் மிஷின்கிட்ட நின்னவன் சொல்றேன்.

டப்பால பிளாஸ்டிகார்ட்னு பேர பாத்துட்டு தேடி படிச்சேன். உங்க கெம்னிட்ஸுக்கு பக்கத்துல சோப்பாவ்ல ஆரம்பிச்ச வேலையாமே, கிழக்கு ஜெர்மனி அரசாங்க கம்பெனி. 1958ல அங்க லாய்னாங்கற ஊர்ல மாநாடு போட்டு, கெமிஸ்ட்ரி சோறும் வசதியும் அழகும் தரும்னு சொல்லிருக்காங்க, அப்புறம் சோவியத்துலேந்து குழாய்லயே கச்சா எண்ணெய் வந்துது, அதுலேந்து செஞ்ச பிளாஸ்டிக் வீட்டுக்கு வீடு போச்சு. இல்யூஷின், டுபோலெவ்னு பறந்த விமானத்த எல்லாம் பொம்மையா ஊத்தி எடுத்தாங்க.

அப்புறம் 1990 ஜூலை 1ம் தேதி மேற்கு ஜெர்மனி காசான மார்க் கிழக்குக்கும் வந்துது. சம்பளம் பழைய மார்க் ஒண்ணுக்கு புது மார்க் ஒண்ணுன்னு மாறிடுச்சு, ஆனா சோவியத் மாதிரி கிழக்கு நாடுங்கள்ல சரக்கு வாங்கிட்டிருந்தவங்ககிட்ட அந்த காசு இல்ல, உள்ளூர் ஜனமும் அதுவரை கைக்கு கெடைக்காத மேற்கு சாமானத்த தேடி போயிருச்சு, அப்புறம் ஆர்டர் எங்கேந்து வரும்? அரசாங்க ஆலைங்கள விக்கறதுக்கு ட்ராய்ஹண்ட்னு ஒரு அமைப்ப வச்சாங்க. எத்தனையோ ஆலை மூடுச்சு, இந்த பொம்ம வேலையும் அதுல அடிபட்டுப் போச்சு. டைங்க மட்டும் கை மாறி வேற பேர்ல ஓடுச்சாம்.

அங்க ஷிப்ட் பாத்த ஃபிட்டர் என்னடா தப்பு பண்ணான்? டை சரியாதான் இருந்துது, ஆளும் சரியாதான் இருந்தான். பொதுவா சொல்றேன். கார் பார்ட்ஸ் கம்பெனிங்கள்ல ஆள் குறைக்கறாங்கன்னு பேப்பர்ல வருது, அதுவும் பொதுவாதான் சொல்றேன். முன்னெல்லாம் ஆபீஸ் கதையா சொல்லுவ, இப்ப போன் பண்ணா குளிரு, பனின்னு அதோட வச்சிடுற. உன்ன பத்தி பெரியப்பாகிட்ட எவ்ளோ பெருமையா பேசறேன் தெரியுமா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அம்மாகிட்ட வேணாம், என்கிட்ட சொல்லு.

நேரத்துக்கு சாப்பிடு. விசா பேப்பர் தேதிய மட்டும் பாத்து வச்சுக்கோ. பாப்பாவுக்கு பீஸ் கட்டியாச்சு, இந்த மாசம் நீ எதுவும் அனுப்பாத.

அப்பா